மணலும் மின்பலகையும்

சர்க்கார் ஆரம்பப் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பத்திரிகைகளில் செய்தி வருவது அபூர்வம். கூரை ஒழுகினால் ஒரு படம் போடுவார்கள். யாராவது ஓர் ஏழைப் பையன் பரீட்சையில் முதலாவதாக வந்துவிட்டால், அவன் வாயில் லட்டைத் திணிக்கும் தாயாரோடு சேர்த்து ஒரு படம் போடுவார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் வருஷத்தில் இருநூற்றுச் சொச்சம் நாள் அங்கே பாடம் நடக்கிறது. அது செய்தி அல்ல. தினம் நடப்பது எப்படி ஐயா செய்தியாகும்?

சமீப காலமாக மூன்றாவது தினுசுச் செய்தி ஒன்று வர ஆரம்பித்திருக்கிறது: பள்ளிக்கூடத்துக்கு யந்திரம் வருகிறது என்ற செய்தி. தமிழ்நாட்டில் 22 ஆயிரத்துக்கு மேற்பட்ட வகுப்பறைகளைத் 'திறன்மிகு வகுப்பறை'களாக மாற்றுவது, தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளி உபாத்தியாயர்கள் சுமார் 80 ஆயிரம் பேருக்குக் கைக்கணினி கொடுப்பது, பெரிய பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் வைப்பது என்று 2024-ல் திட்டங்கள் மளமளவென்று வெளிவந்தன. வாசித்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பட்டணத்தில் லட்ச ரூபாய் கட்டிப் படிக்கும் குழந்தைக்குக் கிடைப்பது, கூலிக்காரர் வீட்டுக் குழந்தைக்கும் கிடைத்தால் யாருக்குத்தான் சந்தோஷம் இராது? கூடவே ஒரு சிறு கவலையும் வந்தது. சந்தோஷத்துக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. கவலைக்குச் சொல்ல வேண்டும். அதற்குக் கேளம்பாக்கத்தைவிட நல்ல இடம் கிடையாது.

கேளம்பாக்கத்தைப் பார்த்திராத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. சென்னையிலிருந்து பழைய மகாபலிபுரம் சாலையில் தெற்கே போனால் சிறுசேரியை அடுத்து வரும் ஊர். 2019-ல் காஞ்சீபுரத்திலிருந்து பிரிந்த செங்கற்பட்டு ஜில்லாவில், திருப்போரூர் ஒன்றியத்தில் சேர்ந்தது. கிழக்கே கோவளம் போகும் வழியில் திரும்பினால் பக்கிங்ஹாம் கால்வாய், கழிவெளி, ஒரு காலத்தில் பாத்தி கட்டி உப்பெடுத்த பரந்த சமவெளி. பருவம் வந்தால் கூழைக்கடாக்கள் கும்பலாக உட்கார்ந்து ஏதோ மாநாடு நடத்துவதுபோல் இருக்கும். வடக்கே திரும்பிப் பார்த்தால் சிறுசேரி சிப்காட்டின் கண்ணாடிக் கட்டடங்கள். உலகத்தில் பாதிப் பேருடைய கணக்கு வழக்குகள் அங்கேதான் ராத்திரி பகலாகச் சரிபார்க்கப்படுகின்றனவோ என்று தோன்றும். இந்தப் பக்கம் உப்பு, அந்தப் பக்கம் கம்ப்யூட்டர். நடுவில் ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்கூடம்.

இந்த வட்டாரத்தில் ஒரு சிற்றூர்ப் பள்ளிக்குப் போயிருந்தேன். ஊர்ப் பெயரும் பள்ளியின் பெயரும் வேண்டாம். அது போன்றவை நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஐந்து வகுப்பு, இரண்டு உபாத்தியாயினிகள். அவர்களில் தலைமையாசிரியை ஒருவர். ஆகவே பல நாட்களில் வகுப்புக்கு ஒருவர்தான். சுவரில் பளபளவென்று ஒரு மின்பலகை. அதன்மேல் பழைய புடைவையைத் தைத்து உறை போட்டிருந்தார்கள்.

"உப்புக் காத்து சார். ஜன்னல் கம்பியே ரெண்டு வருஷத்துல உளுத்துப் போவுது. இது மட்டும் தாங்குமா? அதான் என் புடைவையை எடுத்துத் தச்சுப் போட்டேன்" என்றார் இளைய உபாத்தியாயினி.

"பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறதா?"

"உயிரையே விடுதுங்க. லீவு போடுற பசங்ககூட அது ஓடுற நாள்ல வந்துடுறானுங்க."

அப்புறம் அவர் ஒரு பையனின் கதையைச் சொன்னார். அதைச் சொல்லத்தான் வாசகர்களை இவ்வளவு தூரம் இழுத்து வந்தேன்.

பையன் மூன்றாம் வகுப்பு. தகப்பனாருக்குக் கட்டட வேலை. தாயார் கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் தரை துடைக்கிறாள். 'எண்ணும் எழுத்தும்' என்று 2022-ல் ஆரம்பித்த திட்டத்தில் சின்னக் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்துப் பாடம் சொல்கிறார்கள். அழகான பெயர்கள். யாரையும் மக்கு என்று சொல்லாமல் அரும்பு என்று சொல்லத் தோன்றிய மனிதர் வாழ்க! நம் பையன் அரும்பாகவே இருந்தான். ஒவ்வொரு தடவை பரிசோதித்தபோதும் அரும்பு. கைக்கணினியில் அரும்பு என்று குறிப்பார் டீச்சர். அது எங்கேயோ போய்ச் சேரும். ஜில்லாக் கணக்கில் ஓர் அரும்பு கூடும்.

ஒரு நாள் மின்பலகையில் உள்ளங்கை அகலத்துக்கு எழுத்துகள் வந்தன. எல்லா வகுப்பும் ஒன்றாக உட்கார்ந்திருந்தது. கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் எல்லோருக்கும் முந்தி வார்த்தையைப் படித்தது. நம் அரும்புதான்! டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே வார்த்தையைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினார். பையன் பக்கத்துப் பெண்ணின் நோட்டை எட்டிப் பார்த்தான். அப்போதுதான் விஷயம் விளங்கிற்று. பையனுக்கு எழுத்துத் தெரியும். எழுத்து கண்ணுக்குத் தெரியவில்லை. இரண்டு வருஷமாகத் தெரியவில்லை. அவன் வாய் திறந்து சொல்லவில்லை. உலகம் எல்லோருக்கும் இப்படித்தான் மங்கலாக இருக்கும் என்று நினைத்திருப்பான்.

கண் பரிசோதனை ஆயிற்று, கண்ணாடி வந்தது. இப்போது மொட்டாகி விட்டான். கூடிய சீக்கிரம் மலர்ந்துவிடுவான் என்றார் டீச்சர்.

"அப்படியானால் யந்திரம்தான் கண்டுபிடித்தது என்று சொல்லுங்கள்" என்றேன்.

அவர் சற்று யோசித்தார். "யந்திரம் எழுத்தைப் பெரிசாக் காட்டிச்சு, நெசந்தான். திரும்பிப் பின்னால பாக்க எனக்கு அன்னிக்கு நேரம் இருந்துச்சு சார். அன்னிக்கு நெட் வரலை. பாடம் பலகைக்குள்ளேயே இருந்ததால அது ஓடிச்சு. செயலில எதையும் ஏத்த வேண்டியிருக்கலை."

அந்தப் பதிலைக் கேட்ட பிறகு அங்கே எனக்கு வேறு கேள்வி தோன்றவில்லை. வருகைப் பதிவு, சத்துணவு சாப்பிட்டோர் எண்ணிக்கை, சீருடை வாங்கியோர் எண்ணிக்கை, மதிப்பீடு, ஆதார், வங்கிக் கணக்கு என்று உபாத்தியாயர்கள் தகவல் ஏற்றும் வேலை பெருகிவிட்டதைப் பற்றி அவர்களுடைய சங்கங்கள் பல வருஷங்களாகவே முறையிட்டு வருகின்றன. குறைக்கிறோம் என்று மேலிடத்திலும் பல முறை சொல்லி, சிலவற்றைக் குறைத்தும் இருக்கிறார்கள். தகவல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்தப் பள்ளியில் எத்தனை குழந்தை என்று தெரியாத சர்க்கார் எந்தக் குழந்தைக்குச் செருப்பு வாங்கும்? தகவலை யார் எந்த நேரத்தில் ஏற்றுவது என்பதுதான் சங்கடம்.

இந்தச் சங்கடம் புதிதும் அல்ல. 1822 ஜூலையில் சென்னை கவர்னராக இருந்த ஸர் தாமஸ் மன்றோ எல்லா ஜில்லாக் கலெக்டர்களுக்கும் ஒரு படிவம் அனுப்பச் செய்தார். உங்கள் ஜில்லாவில் பள்ளிக்கூடம் எத்தனை, பிள்ளைகள் எத்தனை, என்ன ஜாதி, ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று கட்டம் கட்டமாகப் போட்ட படிவம். செங்கற்பட்டுக் கலெக்டருக்கும் வந்தது. திண்ணைப் பள்ளி வாத்தியார்களைக் கச்சேரிச் சேவகன் போய் விசாரித்த காட்சியைக் கற்பனை செய்து பார்க்கிறேன். பதில்கள் வந்து சேரவே சில வருஷம் பிடித்தது. 1826 மார்ச்சில் மன்றோ கூட்டிப் பார்த்தார்: 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். பெண்கள் மிகச் சிலரே. ராஜதானி முழுவதற்குமாக ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்ற விகிதம்.

இன்றைக்கும் சரித்திரக்காரர்கள் அந்த எண்களைப் புரட்டிப் பார்க்கிறார்கள். ஆனால் அந்தக் காகிதங்களில் ஜீவனுள்ளது கட்டங்கள் அல்ல. பல்லாரிக் கலெக்டர் காம்பெல் 1823-ல் கட்டத்தை நிரப்பியதோடு நிற்காமல் ஒரு நீண்ட கடிதமும் எழுதி வைத்தார். பிள்ளைகள் காலையில் எப்போது வருகிறார்கள், எப்படி எழுதப் பழகுகிறார்கள், வாத்தியாருக்கு என்ன கிடைக்கிறது, பள்ளிகள் ஏன் குறைகின்றன என்றெல்லாம் எழுதினார். சீமைத் துணி வந்து இங்கே நெசவு நசித்தது, ஜனங்கள் ஏழையானார்கள், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப முடியவில்லை என்று ஒளிக்காமல் சொன்னார். படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது. பையனுக்குக் கண் தெரியவில்லை என்று எழுத எந்தச் செயலியிலும் முதலில் கட்டம் இருக்காது. யாராவது ஒருவர் கவனித்து, கட்டத்துக்கு வெளியே எழுதினால்தான் உண்டு.

மன்றோ அப்புறம் தாலுகாதோறும் சர்க்கார் செலவில் பள்ளி வைக்கத் திட்டம் போட்டார். 1827-ல் காலரா கண்டு இறந்துபோனார். பத்து வருஷத்துக்குள் அந்தப் பள்ளிகளை எடுத்துவிட்டார்கள். திட்டம் போட்டவர் போனபின் திட்டத்தை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி அன்றைக்கே எழுந்திருக்கிறது.

மன்றோவுக்கும் முன்பு இன்னொரு கதை உண்டு. 1789-ல் எழும்பூரில் ராணுவத்தாரின் அநாதைப் பையன்களுக்கென்று ஏற்பட்ட பள்ளிக்கு ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் மேற்பார்வையாளரானார். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகுவதை அவர் எங்கேயோ வழியில் பார்த்தார். காகிதம் வேண்டாம், மை வேண்டாம். தப்பாக எழுதினால் கையால் தடவிவிட்டால் போயிற்று. இதையே தம் பள்ளியிலும் செய்யுங்கள் என்று சொன்னார். அங்கிருந்த உபாத்தியாயர்களுக்கு அது ரசிக்கவில்லை. எட்டு வயதுப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு, சின்னப் பிள்ளைகளுக்கு நீ மணலில் சொல்லிக் கொடு என்றார் பெல். அவன் சொல்லிக் கொடுத்தான். நம் ஊர்ச் சட்டாம்பிள்ளை முறைதான். 1797-ல் லண்டனில் அதைப் புத்தகமாகப் போட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவிற்று. அவர் விட்டுப்போன பணத்தில் ஸெயின்ட் ஆண்ட்ரூஸ் நகரத்தில் 1833-ல் திறந்த பள்ளிக்கு இன்றைக்கும் 'மெட்ராஸ் காலேஜ்' என்றுதான் பெயர்.

கடற்கரை மணல் கொண்டு சீமைக்குப் பாடம் சொன்ன ஊர் நம்முடையது என்று மார் தட்டிக்கொள்ளலாம். கம்ப்யூட்டரின் மூளைச் சில்லுக்கு வேண்டிய சிலிக்கனும் மணலிலேதான் இருக்கிறது என்று சொல்லி இன்னொரு தட்டும் தட்டலாம். ஆனால் கதையின் பின்பாதியையும் சொல்ல வேண்டும். சீமையில் அந்த முறையைக் கையாண்டவர்களுக்கு மணலின் எளிமை பெரிதாகப் படவில்லை. ஒரே வாத்தியாரை வைத்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளை மேய்த்துவிடலாம், சம்பளம் மிச்சம் என்பதுதான் பெரிதாகப் பட்டது. நாளடைவில் பள்ளிகள் ஆலைகள் மாதிரி ஆயின. பிள்ளைகள் கிளிப்பிள்ளைகள் ஆனார்கள். பிறகு அந்த முறையே வழக்கொழிந்தது. வாத்தியாருக்குக் கைகொடுக்க வந்த சாதனத்தை வாத்தியாருக்குப் பதிலாக நிறுத்தியதால் வந்த வினை.

சுதந்தர இந்தியாவிலும் இந்த ஆசை நம்மை விட்டதில்லை. 1975 ஆகஸ்டு முதல் ஒரு வருஷம், அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றைக் கொண்டு ஆறு மாகாணங்களில் 2,400 கிராமங்களுக்கு டெலிவிஷன் காட்டினார்கள். காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம். மாலையில் பெரியவர்களுக்கு விவசாயம், சுகாதாரம். பிரமாதமான முயற்சி, உலகமே வியந்தது. ஒப்பந்தப்படி ஒரு வருஷம் முடிந்ததும் செயற்கைக்கோளை அவர்கள் திருப்பி எடுத்துக்கொண்டார்கள்.

நம் மாகாணத்தில் 2011 செப்டம்பரில் திருவள்ளூர்ப் பக்கம் காக்களூரில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் ஆரம்பமாயிற்று. சில வருஷங்களில் 50 லட்சத்துக்கு மேல் கொடுத்தார்கள். சினிமா பார்க்கத்தான் உதவிற்று என்று பரிகாசம் செய்தவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பரிகாசத்தில் சம்மதமில்லை. பணக்கார வீட்டுப் பையன் சினிமா பார்த்தால் நாம் கேட்கிறோமா? வீட்டில் முதல் தடவையாகக் கல்லூரிக்குப் போன எத்தனையோ பெண்கள் அந்தப் பெட்டியைத் திறந்துதான் கம்ப்யூட்டர் பயத்தை விட்டார்கள். அதைப் பழுது பார்க்க ஆள் எங்கே, அதை வைத்துச் சொல்லிக் கொடுக்க நேரம் எங்கே என்று கேட்பதுதான் நியாயமான கேள்வி.

வெளிநாடுகளிலும் இதே கதைதான். பெரு தேசத்தில் ஏழைப் பள்ளிகளுக்கு லட்சக்கணக்கில் மடிக்கணினி கொடுத்தார்கள். 2012-ல் ஆராய்ந்து பார்த்தபோது, கணக்கிலும் வாசிப்பிலும் பிள்ளைகள் முன்னேறியதாகத் தெரியவில்லை. உருகுவே 2007-ல் ஆரம்பித்தபோது பெட்டியோடு இணைப்பு, பழுது பார்ப்பு, உபாத்தியாயர் பயிற்சி எல்லாவற்றுக்கும் தனி ஸ்தாபனம் வைத்தது. திட்டம் இன்னும் நிற்கிறது. பணத்துக்குக் குறைவில்லாத ஸ்வீடனோ 2023-ல் பள்ளிகளுக்கு மறுபடியும் அச்சுப் புத்தகம் வாங்கிக் கொடுக்கப் பணம் ஒதுக்கியது.

கொரோனாக் காலத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. 2019-ல் தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சி பாடம் சொல்லிற்று. சொல்லாமல் இருந்ததைவிட நல்லதுதான். வீட்டில் ஒரே ஒரு செல்போன். அதைத் தகப்பனார் வேலைக்கு எடுத்துப் போய்விடுவார். மூன்று குழந்தைகள் எதைப் பார்க்கும்? கடைசியில் 'இல்லம் தேடிக் கல்வி' என்று 2021 அக்டோபரில் ஒரு காரியம் செய்தார்கள். தெருவில் உள்ள படித்த பெண்ணைப் பார்த்து, சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் இந்தக் குழந்தைகளோடு உட்கார் அம்மா என்றார்கள். சுமார் இரண்டு லட்சம் பேர் அப்படி உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். ஒரு பாய், ஒரு விளக்கு, ஒரு மனுஷி. விட்டுப்போன படிப்பில் கணிசமான பங்கை அந்தப் பாய்தான் மீட்டுக் கொடுத்தது.

இதையெல்லாம் சொல்வதால் மின்பலகையைக் கழற்றிக் கழிவெளியில் போடச் சொல்கிறேன் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அந்தப் பையனின் கண்ணைத் திறந்ததில் அதற்கும் பங்கு உண்டு. அது இருக்கட்டும், இன்னும் வரட்டும். அதோடு ஆளும் வரட்டும். தகவல் ஏற்ற ஓர் எழுத்தர். பத்துப் பள்ளிக்கு ஒரு பழுது பார்ப்பவர். இரண்டு உபாத்தியாயினிகள் இருக்கும் இடத்தில் மூன்றாவதாக ஒருவர். யந்திரத்துக்கு ஒரு தடவை பணம் ஒதுக்கினால் போதும், படம் பிடிக்கலாம். ஆளுக்கு மாதா மாதம் சம்பளம் கொடுக்க வேண்டும். அதைப் படம் பிடிக்க முடியாது. சிரமம் அங்கேதான். சமக்ர சிக்ஷா திட்டத்தில் 2024-25-க்குத் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாயை மத்திய சர்க்கார் நிறுத்தி வைத்து, விஷயம் சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போன கதையைப் பத்திரிகை வாசிப்பவர்கள் அறிவார்கள். டில்லியும் சென்னையும் மல்லுக்கு நிற்கும்போது புடைவை உறைக்குள் இருக்கும் பலகைக்கு யார் பதில் சொல்வது?

ஊர் பதில் சொல்லலாம். நான் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. இந்த ஜில்லாவே உலகத்துக்குச் சொன்ன விஷயம்தான். 1958-ல், அன்றைய செங்கற்பட்டு ஜில்லாவில் இருந்த கடம்பத்தூரில், பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்று முதன்முதலாக ஒன்று கூட்டினார்கள். காமராஜ் முதல் மந்திரி, நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநர். எங்கள் பள்ளிக்கு என்ன குறை என்று ஊர்க்காரர்களே பட்டியல் போட்டார்கள். ஊர்க்காரர்களே வாங்கிக் கொடுத்தார்கள். மேஜை, நாற்காலி, கரும்பலகை, கட்டடம் என்று குவிந்தன. கடம்பத்தூரில் ஆரம்பித்தது ஜில்லா ஜில்லாவாகப் பரவிற்று. அந்த வழியில்தான் 2022 டிசம்பரில் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' என்று ஒன்றைத் தொடங்கி, கம்பெனிகளையும் பழைய மாணவர்களையும் கைகொடுக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

கூப்பிடு தூரத்தில் சிறுசேரி இருக்கிறது. அங்கே வேலை செய்கிறவர்கள் ஆயிரக்கணக்கானோர். அவர்களில் சர்க்கார் பள்ளியில் படித்து வந்தவர்களும் உண்டு. அவர்கள் இன்னொரு பலகை வாங்கிக் கொடுக்க வேண்டாம். வாரத்தில் ஒரு நாள் இரண்டு பேர் வந்து, இருக்கிற பலகை ஓடுகிறதா என்று பார்க்கட்டும். ஏற்ற வேண்டிய தகவலை டீச்சர் பக்கத்தில் இருந்து ஏற்றிக் கொடுக்கட்டும். அந்த ஒரு மணி நேரம் டீச்சருக்குத் திரும்பிப் பார்க்கக் கிடைக்கும். கடைசி வரிசையில் இன்னும் எத்தனை பேர் பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்துக் காலந் தள்ளுகிறார்களோ, யார் கண்டது?

பத்திரிகை ஆசிரியர்களுக்கும் ஒரு விண்ணப்பம். எத்தனை பலகை வாங்கினார்கள் என்று போடுகிறீர்கள், அது சரி. வாங்கி மூன்றாவது வருஷம் எத்தனை பலகை ஓடுகின்றன, அதன் எதிரே எத்தனை உபாத்தியாயர்கள் நிற்கிறார்கள் என்று ஒரு தடவை போட்டுப் பாருங்கள். அந்தப் பத்திரிகைக்கு இரண்டு சந்தா கட்ட நான் தயார். ஒன்று எனக்கு, மற்றொன்று அந்த டீச்சருக்கு. படிக்க அவருக்கு எப்போது நேரம் கிடைக்கும் என்பதுதான் தெரியவில்லை.